ரூமுக்கு ரூம் பாட்டு

ரிடையர் ஆன மறுநாள் காலையில் நான் ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தேன். இனிமேல் இந்த வீட்டில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் காது கேட்காது.

யார் கூப்பிட்டாலும் என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒன்று கிறிஸ்டோபர் ஆகிய நான், டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்னொன்று கிரேஸ், என் மனைவி. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். என்னைக் கூப்பிட அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

காது கேட்காமல் இருப்பது எனக்குப் புதிதும் இல்லை. அதுதான் என் தொழில். காஞ்சிபுரத்துக்கும் மாகறலுக்கும் நடுவில் காலமெல்லாம் பஸ்ஸில் நின்றவன் நான். "மீதி சில்லறை குடுபா" என்பது என் காதில் விழாது. "ஸ்டாப்பு இல்லீன்னா இன்னா, கொஞ்சம் நிறுத்தேன்" என்பது விழவே விழாது. பின்படியில் ஒருவன் டிக்கெட் எடுக்காமல் மூச்சு விட்டால் மட்டும் கேட்டுவிடும். இதைப் புரிந்துகொள்ளாத ஊர்க்காரர்கள், பாவம், என்ஜின் சத்தத்தில் கண்டக்டருக்குக் காது போய்விட்டது என்று இரக்கப்பட்டார்கள். இரக்கப்படுகிறவர்களைத் தடுப்பது மரியாதை இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

கிரேஸ் மட்டும் இரக்கப்படவில்லை. அவள் கெட்டிக்காரி. அதைவிட முக்கியம், அவள் நெசவுக்காரி. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்கம் ஹால், அடுத்து படுக்கையறை, அதற்குப் பின்னால் தறி ரூம், கடைசியில் சமையலறை. தறி ரூமில் அவள் நெய்கிற கோர்வைப் புடவைக்காகச் சென்னையில் சுகாசினி என்ற கடைக்கார அம்மா காத்துக் கிடப்பார்.

கோர்வை என்றால் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். இரண்டும் தறியிலேயே ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடுகிற கட்டைக்குத்தான் நாடா என்று பெயர். நடு நாடாவையும் ஒரு கரை நாடாவையும் நெய்கிறவரே பார்த்துக்கொள்வார். எதிர்க்கரை நாடாவைப் போட மட்டும் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும்.

அந்த ஆள் பக்கத்து வீட்டு அகிலா. செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்து அவள் ஒரு திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். அதே வாரம் நான் அரசு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். இரண்டு செய்தியையும் கிரேஸ் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க, சும்மாத்தானே குந்திக்கினு இருக்கீங்க. வந்து கரை நாடா போடலாம் இல்ல?"

"ஆங்?"

"கரை நாடாங்க."

"கடைக்கா? வெயில் தாழட்டும், போறேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்று முதல் மூன்று நாடாவையும் அவள் ஒருத்தியே போட்டாள். சாயங்காலம் சுகாசினி அம்மாவோடு போனில் பேசியது ஹால் வரைக்கும் வந்தது. ஆவணி முகூர்த்தத்துக்குள் புடவைகள் வந்தாக வேண்டுமாம். இல்லையென்றால் ஆர்டர் திருப்புட்குழியில் வேறு ஒரு வீட்டுக்குப் போய்விடுமாம். கிரேஸ் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். நான் நன்றாகக் கேட்டேன். ஆனால் எனக்குத்தான் காது கேட்காதே, என்ன செய்வது.

என்னைக் கொடுமைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் ஒரு ஆசை இருந்தது. ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் முழுசாகக் கேட்க வேண்டும். சிரிக்காதீர்கள். கண்டக்டருக்குப் பாட்டு துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஒரு ஸ்டாப்பின் டீக்கடையில் பல்லவி ஓடும். விசில் கொடுத்துக் கிளம்பினால் அடுத்த ஸ்டாப்பில் வேறு பாட்டின் சரணம் ஓடும். இப்படியே தலை நரைத்துவிட்டது. எனக்குப் பிடித்த பாட்டுகளுக்கெல்லாம் முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது. ரிடையர் ஆனதும் ஹாலில் ஒரு சாய்வு நாற்காலி, அதில் நான், காதில் பாட்டு. இந்த மூன்றையும் யாரும் பிரிக்கக் கூடாது. வாழ்க்கையில் நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் வீடு ஒழுக ஆரம்பித்தது. கூரையை மாற்றப் போய், சுவரையும் பூசிவிடலாம், தரையையும் போட்டுவிடலாம் என்று வேலை பெருகியது. சுவரைக் கொத்தி ஒயருக்குப் பைப் பதிக்கிற அன்றைக்குத்தான் எனக்கு ஞானம் பிறந்தது. பூசுவதற்கு முன்னால் ஒரு பைப் கூடுதலாகப் போட்டால் ரூமுக்கு ரூம் ஸ்பீக்கர் வைத்துவிடலாம். வீடு முழுக்கப் பாட்டு ஓடும்போது கிரேஸ் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. அதைப் பொய் என்று ஒருவரும் சொல்ல முடியாது. காது கேட்காமல் போவதற்கு அதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியவில்லை.

ரேடியோ கடை கனி பாயின் மகன் ரெஹானைக் கூட்டிவந்தேன். கெட்டிக்காரப் பையன், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தாலும் எங்களுக்குப் பையன்தான். போனிலிருந்தே எந்த ரூமில் எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றான். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று நான் விரலை மடக்கினேன். தறி ரூமுக்கு வந்ததும் நின்றேன். அங்கே ஒன்று வைக்காவிட்டால் கிரேஸ் சம்மதிக்க மாட்டாள். லஞ்சம் கொடுத்தே ஆக வேண்டும்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன்.

"கிரேசு, நீ நாளெல்லாம் தனியா தறியில குந்திக்கினு இருக்கிறத பார்த்தா மனசு கஷ்டமா இருக்குது."

"அதுக்கு?"

"பாட்டு போடலாம்னு இருக்கேன். ரூமுக்கு ரூம் ஸ்பீக்கர். எல்லாம் உனக்காகத்தான்."

"எனக்காகவா?"

"பின்ன யாருக்கு? எனக்குத்தான் காதே கேக்காதே."

"சரி, வச்சிக்கோங்க. ஆனா தரைக்கும் சுவத்துக்கும் டைல்ஸு நான்தான் பாத்து எடுப்பேன்."

உடனே சம்மதித்துவிட்டாள். செலவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. பஸ்ஸில் கேட்பதற்கு முன்பே சரியான சில்லறையை நீட்டுகிற ஆளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று புது கண்டக்டர்களுக்கெல்லாம் நான் பாடம் எடுத்தவன். வீட்டில் அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை. சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக் குடித்தேன்.

மறுநாளிலிருந்து அவள் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஹால், படுக்கையறை, சமையலறை மூன்றிலும் பளபளவென்று கண்ணாடி மாதிரி பெரிய டைல்ஸ். சுவரிலும் ஆள் உயரத்துக்கு அதே டைல்ஸ். ஜன்னலுக்கு ஸ்கிரீன் துணி கூடாது, தூசி சேரும், தும்மல் வரும். பழைய மெத்தை சோபா வேண்டாம், மூட்டைப்பூச்சி. அதற்குப் பதிலாக மர பெஞ்சு. என் சாய்வு நாற்காலி பிரம்பு என்பதால் பிழைத்தது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பாவம், நமக்காகப் பாட்டுக்கே சம்மதித்தவள், ஒரு டைல்ஸ் ஆசைதானே என்று நினைத்தேன்.

தறி ரூமில் மட்டும் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். தறியில் பாவு, அதாவது நீளவாட்டில் கட்டிய நூல், பாதி நெய்தபடி நிற்கிறது, அசைத்தால் அறுந்துபோகும். ஆகவே அந்த ரூம் பழைய மண் தரையோடும் சுண்ணாம்புச் சுவரோடும் அப்படியே நின்றது. கூரையிலிருந்து பட்டு நூல் கத்தைகள் தொங்கின. மூலையில் பஞ்சு மூட்டை. ஸ்பீக்கர் ஒயர்கூடச் சுவருக்கு மேலேயே ஓடியது. பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அந்த ரூம் உருப்படாது என்று ரெஹானிடம் சொல்லிச் சிரித்தேன். ரெஹான் ஏனோ சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த கையோடு திறப்பு விழா நடந்தது. நான் சலவை வேட்டியோடு ஹால் நாற்காலியில் சாய்ந்தேன். ரெஹான் போனைத் தட்டினான். பாடகர் பாட ஆரம்பித்தார். அவர் பாடியதை எதிர்ச்சுவர் வாங்கி ஒருமுறை பாடியது. தரை இன்னொருமுறை பாடியது. ஒருவர் ஆரம்பித்த பாட்டை நாலு பேர் சேர்ந்து முடித்தார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. சத்தத்தைக் குறைத்தேன், நாலு பேரும் ரகசியமாகப் பாடினார்கள்.

படுக்கையறைக்கு ஓடினேன். அங்கே பாடகர் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் எல்லாம் கூடச் சேர்ந்து கிணுகிணுத்தன. கடைசியாக, வேறு வழியில்லாமல், தறி ரூமுக்குள் தலையை நீட்டினேன்.

அங்கே பாட்டு இருந்தது. அதே ஸ்பீக்கர், அதே பாட்டு. வரிக்கு நடுவில் பாடகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. தபேலாவில் விரல் படுவது தெரிந்தது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பாட்டின் முடிவை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கண் கலங்கியது, சொல்வதற்கு வெட்கம் இல்லை.

பிறகு கோபம் வந்தது. ரெஹானைத் தனியாக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"என்னப்பா இது? உருப்படாத ரூம்ல நல்லா கேக்குது, புது ரூம்லலாம் கொழகொழன்னு இருக்குது?"

"ணா, பளபளன்னு இருந்தா சத்தம் எகிறி எகிறித் திரும்பும். மண்ணு, நூலு, பஞ்சு இதெல்லாம் மிச்ச சத்தத்த தின்னுடும்."

"இத முதல்லியே சொல்ல மாட்டே?"

"சொன்னேனே, அக்காகிட்ட."

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. ரெஹான் வந்த முதல் நாளே கிரேஸ் டீ கொடுத்துக்கொண்டே விசாரித்திருக்கிறாள். எங்கள் சர்ச்சில் புதிதாக டைல்ஸ் போட்டதிலிருந்து பாஸ்டர் பேசுவது ஒன்றும் விளங்குவதில்லை. நான் அதை ஆண்டவர் கொடுத்த ஆறுதலாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். அவள் அது ஏன் என்று கேட்டிருக்கிறாள். ரெஹானும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறான். அதற்கு மறுநாள்தான் அவள் டைல்ஸ் கடைக்குப் போயிருக்கிறாள். ஸ்கிரீன் துணி, சோபா, தும்மல், மூட்டைப்பூச்சி எல்லாம் அதற்குப் பின்னால் பிறந்தவை.

நேராக உள்ளே போய்க் கேட்கலாம் என்று திரும்பினேன். கேட்டால் ஏன் ஹாலில் உட்கார ஆசைப்பட்டேன் என்பதையும் நான் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று இரண்டாவது தீர்மானம் எடுத்தேன். பாட்டைத் தறி ரூமிலேயே கேட்பது. ஆனால் நாடாவைக் கையால் தொடுவதில்லை. பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தறிக்கு முதுகைக் காட்டிப் போட்டேன். கிரேஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கால்களைத் தறிக்கு அடியிலிருக்கும் குழியில் விட்டு, பாட்டுக்கு நடுவே அவள் பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தாள்.

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. தறியில் மூன்று நாடாவும் ஓடி முடிந்ததும் பலகையால் ஒரு அடி அடிப்பார்கள். தட் என்று கேட்கும். ஆள் துணைக்கு இருந்தால் அது சீராக விழும். ஒருத்தியே மூன்று நாடாவையும் போட்டால் அப்படி விழாது. தட். பிறகு ஒன்றும் இல்லை. அவள் எக்கி, சாய்ந்து, எதிர்க்கரைக்குக் கை நீட்டி, நாடாவைப் போட்டு, திரும்பி உட்கார வேண்டும். அப்புறம்தான் அடுத்த தட். பாட்டு ஒரு தாளத்தில் போகும், தட் அதற்கு நடுவில் எங்கேயாவது வந்து விழும். நல்ல இடத்தில் பாடகர் குரலைத் தூக்குவார், தட். தபேலா கடைசி அடிக்குக் கையை ஓங்கும், தட் வராது. அடி எப்போது விழும் என்று காத்திருந்து காத்திருந்து எனக்குப் பல் கூசியது.

பல நாள் பொறுத்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். திருப்பிப் போட்டதுதான் தப்பு. அப்போதுதான் அவள் எக்குவது கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் இடது கையை ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு சாய்ந்தாள். நாடாவைப் போட்டுவிட்டுத் தோளை ஒருமுறை அழுத்திக்கொண்டாள். வீட்டில் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்த சத்தத்தை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதைக் காட்டிக்கொள்வதாவது?

"கிரேசு, அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளு. இந்த ஒரு பாட்டுக்குத்தான். தாளம் தப்புது, கேக்க முடியல."

அவள் தள்ளி உட்கார்ந்தாள். என் தொப்பையை ஒருவாறு சமாளித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து குழியில் காலை விட்டேன். கரை நாடாவை எப்படிப் பிடிப்பது என்று அவள் ஒருமுறைதான் காட்டினாள். முதலில் இரண்டு முறை நூலை அறுத்தேன். அவள் திட்டாமல் முடிச்சுப் போட்டாள். பிறகு கை பழகியது. டிக்கெட் கிழித்த கை இல்லையா. நான் போட, அவள் போட, தட். நான் போட, அவள் போட, தட். அவளும் பாட்டைக் கேட்டு அதன் ஓட்டத்துக்கு அடித்தாள். பாட்டு முடிகிற இடத்தில் தபேலாவும் தறியும் ஒன்றாக நின்றன.

"வேணும்னே தாளம் தப்பி அடிச்சியா?" என்று கேட்டேன்.

"டைல்ஸு வேணும்னே போட்டேன்" என்றாள். "இது வேணும்னு இல்லீங்க. ஒருத்தியா மூணு நாடா போட்டா அப்பிடித்தான் அடிக்க முடியும்."

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அதற்கு மட்டும் போடுகிறேன் என்றேன்.

அதற்கு மட்டும், அதற்கு மட்டும் என்றே ஆடி போனது. இரண்டு கையும் நாடாவில் இருப்பதால் போனை அவளிடமே கொடுத்துவிட்டேன். காலையில் உட்கார்ந்ததும் அவளே பாட்டைப் போட்டு மடியில் வைத்துக்கொள்வாள். முதல் புடவை தறியை விட்டு இறங்கியது. அரக்குக் கரையும் மாம்பழ உடலும் பிரிக்க முடியாமல் கோத்திருந்தன. எதிர்க்கரையை மட்டும் நான் விரித்து விரித்துப் பார்த்தேன். சுகாசினி அம்மா போனில் புகழ்ந்தது, இந்த முறை எனக்கு முழுசாகக் கேட்டது. வேலைக்கு நல்ல ஆள் கிடைத்துவிட்டாரா என்று அவர் கேட்டார். கிடைத்துவிட்டார், கொஞ்சம் காது மந்தம், மற்றபடி பரவாயில்லை என்று கிரேஸ் சொன்னாள். ஆர்டர் திருப்புட்குழிக்குப் போகவில்லை.

தெருவில் நான் இன்னமும் விட்டுக்கொடுக்கவில்லை. தறி ரூமுக்கு ஏன் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் பாட்டுக்காகப் போகிறேன் என்பேன். அந்த ஒரு ரூமில்தான் சவுண்டு சரியாக இருக்கிறது, நான் கேட்கப் போகிறேன், கை சும்மா இருக்கிறதே என்று நாடா போடுகிறேன், அவ்வளவுதான் என்பேன். நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் ஒரு நாள். இரண்டாவது புடவை முந்தானைக்கு வந்திருந்தது. சமையலறையிலிருந்து குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. சாப்பிட எழுந்திருக்கலாமா என்று கிரேஸ் கேட்டாள்.

"இரு" என்றேன். "இந்தப் பாட்டு முடியட்டும்."

"எந்தப் பாட்டுங்க?"

"ஓடுதே, இதான்."

அவள் கையை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். ரூமில் ஒரு சத்தமும் இல்லை. கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது என்று மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்ப நிறுத்தினே?"

"நிறுத்தலீங்களே" என்றாள், நாடாவை என் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே. "இந்த வாரம் முழுக்க நான் பாட்டே போடலியே."